தழும்பு இல்லை

நம்பிக்கை என்பது மூளையில் அழியவே அழியாது, மேலே ஒரு கோடு போட்டு அடித்து வைக்கத்தான் முடியும் என்று எங்கேயோ ஓர் ஊரில் யாரோ கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் விருது வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதனால் வரும் வம்பையெல்லாம் கரூரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் மரகதம். முன்பு காது பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். சத்தம் புகாத சின்ன அறை, நடுவில் தடித்த கண்ணாடி, காதில் மாட்டும் ஹெட்போன் எல்லாம் அந்த நாள் சாமான்கள்தான். காது எவ்வளவு கேட்கிறது என்று கைப்போனே பார்த்துச் சொல்ல ஆரம்பித்ததும் என் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த நேரம் பார்த்து இந்தக் கருவி வந்தது. தலையில் மாட்டும் தொப்பி மட்டும் புதிது. கொஞ்ச நாள் பயிற்சி, ஒரு உறுதிமொழி, சுவரில் மாட்ட ஒரு உரிமம், அவ்வளவுதான்.

விஷயம் ரொம்பச் சாதாரணம். ஹெட்போனில் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லி நிறுத்துவோம். ‘பூனை குறுக்கே போனால் போன காரியம்’ என்று நிறுத்தினால், வாய் பதில் சொல்வதற்கு முன்னாலேயே மூளை மீதிப் பாதியை எதிர்பார்த்துவிடும். நம்புகிறவருக்குத் திரையில் ஒரு கோடு மேலே எழும். முன்பு நம்பி, பிறகு விட்டவருக்கும் அதே கோடு எழும். ஆனால் எழுந்த வேகத்தில் இன்னொரு கோடு வந்து அதை அமுக்கும். இந்த இரண்டு கோட்டையும் சேர்த்துத்தான் தழும்பு என்கிறோம். எப்போதுமே நம்பாதவருக்குத் திரை சும்மா கிடக்கும்.

கருவி வந்த புதிதில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கட்சிகள் தொண்டர்களை வரிசையில் நிறுத்தித் தொப்பி மாட்டின. பெண் பார்க்கப் போனவர்கள் பூ, பழத்தோடு கருவியையும் எடுத்துப் போனார்கள். முதலாளிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இவன் நம் கம்பெனியை நம்புகிறானா என்று பார்த்தார்கள். எல்லாரும் சம்மதத்தோடுதான் வந்தார்கள் என்று சொன்னார்கள். நம் ஊரில் சம்மதம் வாங்குவதா பெரிய விஷயம்? கடைசியில் சட்டம் வந்தது. ஒருவர் இப்போது எதை நம்புகிறார் என்பதை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. அவரிடமே கூடச் சொல்லக்கூடாது. விட்டுவிட்டேன் என்று அவரே வாயால் சொல்லும் நம்பிக்கையைப் பற்றி மட்டும் கேட்கலாம். பதிலும் இரண்டே இரண்டு. தழும்பு இருக்கிறது, அல்லது தழும்பு இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் உரிமம் போகும், நானும் உள்ளே போவேன்.

இந்த ‘இல்லை’க்குள் இரண்டு இல்லை இருப்பது வருகிறவர்களுக்குத் தோன்றுவதே கிடையாது. ஒருநாளும் நம்பாதவருக்கும் தழும்பு இல்லை, இன்னும் விடாதவருக்கும் தழும்பு இல்லை. எது எந்த இல்லை என்று திரையைப் பார்க்கிற எனக்குத் தெரியும். வந்தவர்களோ, ‘இவர்தான் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாரே, தழும்பு இல்லை என்றால் அன்றைக்கே நம்பவில்லை, நடித்திருக்கிறார்’ என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படித்தவர்கள் இன்னும் வேகமாக எழுதுகிறார்கள்.

‘அந்தக் காலத்தில் அப்படித்தான் நம்பினோம்’ என்பது நம் ஜனங்களுக்கு எவ்வளவு வசதியான வாக்கியம் என்று இந்த நாற்காலிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்த ஒருவர், தள்ளாத வயதில் மன்னிப்புக் கேட்க வந்தார். அன்றைக்கு மனசார நம்பிச் செய்தேன், அறியாமை, என்றார். தழும்பு இல்லை என்றேன். கூட வந்த மகன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். நம்பிக்கையே இல்லாமல், பக்கத்துக் கடைக்காரன் வைத்திருந்தான் என்பதற்காக ஒருவர் அதைச் செய்திருப்பாரா என்று அவனுக்கு அதிர்ச்சி. அவருடையது எந்த இல்லை என்று உங்களுக்கும் நான் சொல்ல முடியாது. பொதுவாக ஒன்று சொல்லலாம், அது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு: நாம் விட்டதாகச் சொல்லும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவற்றை நாம் நம்பியதே இல்லை. சும்மா செய்திருக்கிறோம்.

பூபதியும் சுகந்தியும் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும்தான், கரூருக்குப் போய் மாடி மாடியாக ஏறித் தேட வேண்டாம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவர் முன்பு பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பஸ் பாடியெல்லாம் அச்சில் வார்த்து வருவதால் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார். அவர் மனைவி சுகந்தி கையில் ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். வந்ததும் மூக்குக்கண்ணாடியின் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று கீழே கடையில் கொடுத்துவிட்டு மேலே ஏறினாள். படியேறி வந்த பூபதிக்கு மூச்சு வாங்கியது. இதயத்தில் கோளாறு உண்டா என்று எல்லாரிடமும் கேட்பது வழக்கம். அடுத்த மாதம் கோயமுத்தூரில் ஆபரேஷன், நெஞ்சைத் திறந்து செய்வது, என்று அவர் நாள் கிழமையெல்லாம் சொன்னார். தொப்பியால் ஒன்றும் ஆகாது என்றேன்.

விஷயத்தைச் சுகந்திதான் சொன்னாள். அவர் சுவரில் மாட்டியிருந்த என் உரிமத்தைப் படிப்பது போல நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணமான புதிது. அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி வெளியே போகும்போது வீட்டுப் பெண் ஒருத்தி சூடம் காட்டி, சாவியைத் தன் கையால் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அதுவரை மாமியார் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் வந்துவிட்டாளே என்று சுகந்தியைக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் கொடுத்த முதல் வண்டி அன்றைக்கே பாலத்திலிருந்து கவிழ்ந்தது. டிரைவர் பிழைக்கவில்லை. அடுத்த மாதம் மாமனாருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. அதோடு ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. வண்டிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கள், மருமகள் கை படாத வண்டிதானே என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். கைராசி இல்லாதவள் என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று பூபதிதான் காங்கேயத்தில் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஆனது.

இது ஏதோ மாட்டு வண்டிக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். அவர் மெக்கானிக்கல் எஞ்சினியர். அவள் கணக்கில் எம்.எஸ்ஸி. எல்லார் கையிலும் போன் இருந்த காலம். நிலவுக்குக் கலம் போய் இறங்கியதை நேரலையில் பார்த்துக் கைதட்டிவிட்டு, அடுத்த நாள் காலையில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தவர்கள். அவர்களையும் இன்றைய பிள்ளைகள் அந்தக் காலத்து ஜனங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவரே போய் அழைத்து வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் கைராசி என்ற பேச்சே எழவில்லை. மகள் பிறந்தாள், படித்தாள், ஓசூரில் குடியிருக்கிறாள், பேத்தியும் உண்டு. எப்போதாவது சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் பழைய பேச்சு வந்தால், அப்போது நம்பினேன், இப்போது நம்பவில்லை, அறியாமைதான் என்று பூபதி சொல்லிவிடுவார். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

சுகந்திக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டுமாம்.

“நம்பி அனுப்பியிருந்தா அது மடத்தனம். மடத்தனத்த மன்னிச்சுடலாம் கண்ணு. நம்பாமயே, யாவாரம் கெட்டுப் போகும்னு அனுப்பியிருந்தா, அவரோட இருக்க எனக்கு இஷ்டமில்ல. இந்தப் பையில துணி எடுத்துட்டு வந்திருக்கேன். இப்படியே ஓசூருக்குப் போயிருவேன்.”

இதைக் கோபமே இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கும் குரலில் சொன்னாள். இந்த மாதிரி அமைதியான ஆட்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

பூபதியைப் பார்த்தேன். அவர் முகத்தில் கவலையே இல்லை.

“நம்புனனுங்க அம்மணி. அதத்தான் இவகிட்ட இத்தன வருசமா சொல்லீட்டு இருக்கறேன். பெட்டி சொன்னாக் கேட்டுக்குவாளாமா. கேட்டுக்கட்டும்.”

விதிப்படி நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்த நம்பிக்கையை இப்போது விட்டாயிற்று அல்லவா? அதெல்லாம் எப்பவோ போச்சுங்க என்று உரிமத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

அவரை அறைக்குள் உட்காரவைத்துத் தொப்பியை மாட்டினேன். சுகந்தி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தாள். திரையை எனக்கு மட்டும் தெரியும்படி திருப்பி வைத்திருப்பேன். முதலில் ‘மழை பெய்தால் தரை’ என்பது போல நாலைந்து வாக்கியம் கொடுத்துக் கோடு சரியாக எழுகிறதா என்று பார்த்தேன். எழுந்தது. பிறகு நடுவில் ஒன்றாக, ‘சுகந்தி கையால் தொடங்கிய காரியம்’ என்று கொடுத்து நிறுத்தினேன்.

கோடு எழுந்தது. அமுக்க வரவேண்டிய கோடு வரவில்லை.

கருவி சில சமயம் தடுமாறும். வார்த்தையை மாற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதேதான். கோடு எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூபதி கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி சாந்தமாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் அவர் மனைவி. அவர் இன்னும் நம்புகிறார். இந்தப் பெண்ணின் கை பட்டால் காரியம் கெடும் என்று, இதே நிமிஷம் வரை, ஒரு சொட்டுக் குறையாமல் நம்புகிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபப்படுவது என் வேலை இல்லை என்பதால் அடக்கிக்கொண்டு அவரை வெளியே வரச் சொன்னேன்.

“தழும்பு இல்லைங்க” என்றேன்.

பூபதி என் முகத்தையே பார்த்தார். சுகந்தி கொஞ்ச நேரம் மடியில் இருந்த பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். அடுத்த பஸ்ஸில் ஓசூருக்குப் போவதாகவும், இனி மகள் வீட்டிலேயே இருந்துகொள்வதாகவும் சொன்னாள். கீழே கண்ணாடியை வாங்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பாளாம், வீட்டுச் சாவி தன்னிடம் இருப்பதால் அவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். படியிறங்கும் செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

அவள் போன பிறகு, பெட்டி பழுதுங்களா என்று பூபதி கேட்டார். இல்லை என்றேன். தான் சத்தியமாக நம்பியதாகச் சொன்னார். அம்மாவுக்குப் பயந்தோ வியாபாரத்துக்குப் பயந்தோ அனுப்பவில்லை, தனக்கே பயமாக இருந்தது, இவள் பக்கத்தில் இருந்தால் அப்பாவும் போய்விடுவார் என்று தோன்றியது, அதனால்தான் அனுப்பினேன் என்றார். பிறகு ஏன் இந்தப் பெட்டி இல்லை என்கிறது?

அவருடைய கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது. ஆனால் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதை யாரிடமும் சொல்லலாம். காயம் ஆறினால்தான் தழும்பு வரும் என்று சொன்னேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். மறுத்துப் பேசவில்லை. வெகுநாளாகத் தூக்கி வைத்திருந்த ஒன்றை இறக்கிவிட்ட மாதிரி, மெதுவாகத்தான் பேசினார்.

“அவ இல்லாம ரெண்டு வருசம் இருந்து பாத்தனுங்க. முடியல. என்ன ஆனாலும் ஆகட்டும்னு போயிக் கூட்டிட்டு வந்துட்டேன். வந்த மறுவருசம் பட்டறையில தீப் புடிச்சுது. வயரிங்னு சொன்னேன். எல்லார்த்துகிட்டயும் வயரிங்னுதான் சொன்னேன். எங்கம்மா சாகற வரைக்கும் வந்து வந்து கேட்டுச்சு. வயரிங்தாம்மான்னு சொல்லீட்டே இருந்தேன்.”

எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நம்பிக்கையை விட்டுவிட்டு மனைவியை அழைத்து வந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. இந்த மனிதர், இவள் வந்தால் எல்லாம் அழியும் என்று முழுசாக நம்பிக்கொண்டே போய், வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்திருக்கிறார். கீழே போய் இதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள் என்றேன். பஸ் வருவதற்குள் சொல்லுங்கள் என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“இத்தன வருசமா அவ தன் கையப் பத்தி நெனைக்காம இருந்தா. சோறு போட்டா, கோலம் போட்டா, பேத்திக்குத் தலை சீவி விட்டா. இப்பப் போயிச் சொன்னா, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கக்கூட யோசிப்பா. நான் அன்னைக்கு நடிச்சேன்னு நெனச்சுட்டே போகட்டும். அது பரவால்லீங்க அம்மணி.”

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அவளிடம் எதையும் சொல்வதாக இல்லை. பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாம் என்றுதான் போனேன்.

கடையில் சுகந்தி புது ஸ்க்ரூ போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், மாத்திரை போட்டாரா என்று கேட்டாள். மதியம் ஒரு மாத்திரை உண்டாம், சட்டைப் பையில் இருக்குமாம், ஞாபகப்படுத்தாவிட்டால் போடமாட்டாராம். கணவனை ஒரேயடியாக விட்டுப் போகிறவள் கேட்கிற கேள்வியா இது? நான் அதைக் கேட்டே விட்டேன். அவள் சிரித்தாள்.

“நம்புனாரான்னு எனக்குக் கேக்க வேண்டியதே இல்ல கண்ணு. நம்புனாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். விட்டுட்டாரான்னுதான் தெரியணும். அத நேராக் கேட்டா உங்க சட்டம் விடாது. அவரும் விட்டாச்சுன்னுதான் சொல்லுவாரு. அதான் சுத்திக்கிட்டு வந்து கேட்டேன்.”

கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள் என்று முன்பே சொன்னாள். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் நம்பியது உறுதி என்றால், தழும்பு இருந்தால் விட்டுவிட்டார். இல்லை என்றால் விடவில்லை. என் ஒரே வார்த்தையிலிருந்து, நான் சொல்லக்கூடாததை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். முக்கியமான காரியத்துக்குப் போகும் நாட்களில் அவள் விழிப்பதற்குள் பூபதி கிளம்பிவிடுவாராம். தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று நினைத்ததாகச் சொல்வாராம். அது கூடப் பரவாயில்லை.

“பொண்ணு பரிச்சைக்குக் கிளம்பறப்போ கொத்தமல்லி இல்லைம்பாரு. ஃபிரிட்ஜுல கட்டுக் கட்டா இருக்கும். நான் ஒண்ணும் சொல்லாமக் கடைக்குப் போயிருவேன். வந்து பாத்தா பொண்ணு போயிருப்பா. அவ கல்யாணம் பேசப் போன அன்னைக்குக் கொத்தமல்லி. வீடு வாங்கப் போன அன்னைக்குக் கொத்தமல்லி. எங்க வீட்டுல வருசம் பூரா துவையல்தான்.”

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி ஆபரேஷனைப் பற்றிப் பேசினாள். அன்றைக்குக் காலையில் இவளை எங்கே அனுப்புவது என்று அவர் இப்போதே யோசித்துக்கொண்டிருப்பாராம். ராத்திரியில் தூங்காமல் புரள்வதைப் பார்த்தாளாம்.

“தழும்பு இருந்திருந்தா நானும் கூடப் போயிருப்பேன். இல்லைன்னு ஆயிப்போச்சு. நானாக் கோவிச்சுட்டுப் போயிட்டா அவருக்கு அனுப்பற வேலை மிச்சம். பயமில்லாமப் போயிப் படுத்துக்குவாரு. பொண்ணு வந்து பாத்துக்குவா.”

“உங்களுக்குக் கோவமே இல்லையாங்க?” என்றேன்.

“வீட்டுக்குள்ளயே ஒரு மனுசன் என் கையப் பாத்துப் பயந்துட்டு இருந்தா கோவம் வராமயா இருக்கும்? நெறையா வருது. அதுக்காக அவரு பயந்துட்டே போயிப் படுக்கணுமா?”

மேலே ஒருவர், இவள் மனம் நோகக்கூடாது என்று தன்னைப் பொய்யன் ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒருத்தி, அவர் பயப்படக்கூடாது என்று தன்னைக் கோபக்காரி ஆக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். நெஞ்சைத் திறக்கப் போகும் நாளில் ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கப் போகிறார்கள். அவரே அவளைப் போய் அழைத்து வந்தது எந்தத் துணிச்சலில் என்று அவளுக்குத் தெரியாது. அவள் எத்தனை முறை தெரிந்தே கடைக்குப் போனாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நல்லவர்களாக இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

சாவியை மேலே வந்து அவர் கையில் கொடுங்கள், அவருக்குப் படியிறங்க மூச்சு வாங்குகிறது என்றேன். வந்தாள். இருவரையும் பரிசோதனை அறைக்குள் போகச் சொன்னேன். கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஒருவர் நம்புவதை நான் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்றுதான் சட்டம். புருஷனையும் பெண்டாட்டியையும் ஓர் அறையில் விட்டு வெளியே நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

“என்கிட்ட தனித்தனியாச் சொன்னத ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் கதவத் தெறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம்தான்.

கண்ணாடி வழியாக அவர்கள் தெரிந்தார்கள். சத்தம் கேட்காது. இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிறகு சுகந்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். பூபதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அவரும் விரலிடுக்கில் சிரித்தார். அதற்கப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். நிறையப் பேசினார். பட்டறை எரிந்ததைச் சொல்கிறார் என்பது அவர் கை காட்டிய விதத்தில் தெரிந்தது. அவள் சிரிப்பு நின்றுபோய், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் அழுதாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது யாரும் ஓசூரைப் பற்றிப் பேசவில்லை. பூபதியின் கண்கள் சிவந்திருந்தன. மாத்திரையைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். ஆபரேஷன் அன்றைக்குச் சுகந்தி கூடவே வருவாளாம், உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது எதிரில் வந்து நிற்பாளாம், நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் அது போய்விட்டதா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“எங்கீங்க போகுது” என்றார். “பயமாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்.”

சுகந்தி முன்னால் இறங்கினாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

இதை நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் அன்று அவள் எதிரில் வந்து நின்றாள், அவர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார் என்பது வரைக்கும் சொல்வேன். எல்லாரும் உடனே, ஆபரேஷன் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும், சொல்வதில்லை. நல்லபடியாக முடிந்தது என்றால், பார்த்தாயா, அவள் கைராசிக்காரிதான் என்பார்கள். இல்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இதுவரை கேட்ட எல்லாருமே, கைராசி பார்ப்பதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்கிறவர்கள்தான்.